பிஷப் என்றொரு மீன்

அப்பா சிரித்துக்கொண்டு நின்றார். முதலில் என் கண்ணில் பட்டது அந்தச் சிரிப்புத்தான். பிறகுதான் முழங்கால்வரை நனைந்திருந்த காற்சட்டையையும், கையிலிருந்த மரச் சுத்தியலையும், அவருடைய காலடியில் ஈரப் புல்லின்மேல் கிடந்த மீனையும் கண்டேன். என் தோளுயரத்துக்கு நீளமான மீன். செதில் இல்லாத, கறுத்து மினுங்கும் உடம்பு. சப்பையான பெரிய தலை, அதற்குப் பொருத்தமில்லாத சின்னக் கண்கள், வாயின் இரு பக்கமும் நீண்டு தொங்கிய மீசைகள். எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த மாமா ஏதோ ஒரு வசனத்தின் நடுவில் நின்றுவிட்டார். அவருடைய தோளில் மீனைத் தூக்கி நிறுக்கும் துணித் தொட்டில் மடித்துக் கிடந்தது. ஒரு கையில் தராசு, கழுத்தில் படம் எடுக்கும் கமரா. வண்டியிலிருந்து அவற்றை எடுத்து வருவதற்காகத்தான் அவர் குளக்கரையை விட்டு வந்திருந்தார். காலைச் சாப்பாட்டோடு வந்து இறங்கிய என்னை வழியில் கண்டதும், சின்னப் பிள்ளை மாதிரி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். "பிஷப் வந்துவிட்டார், வந்து பார்!" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

மாமா என்று நான் எழுதுவது என் கணவரின் தகப்பனை. ஆங்கிலேயர். ஃபெல்தமில் பிறந்து, அங்கேயே பஸ் ஓட்டி, அங்கேயே ஓய்வு பெற்றவர். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவரை எப்படிக் கூப்பிடுவது என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது, "உங்கள் மொழியில் எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே கூப்பிடு" என்றார். அந்தச் சொல்லை நாலைந்து தரம் வாய்க்குள் உருட்டிப் பார்த்துவிட்டுத் திருப்திப்பட்டுக்கொண்டார். அப்பா மன்னாரிலிருந்து வந்தவர். கோயிலும் வேலையும் வீடும்தான் அவருடைய லண்டன். ஹவுன்ஸ்லோவில் வீடு, விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை ஏற்றி இறக்கும் வேலை. முதுகு போன பிறகுதான் அந்த வேலையை விட்டார். இரண்டு சம்பந்திகளும் சந்திக்கும் நேரங்களில் ஒருவருக்கொருவர் மரியாதையாகத் தலையாட்டிக்கொள்வார்கள். காலநிலையைப் பற்றி இரண்டு வசனம் பேசுவார்கள். பிறகு தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். இரண்டு நல்ல மனிதர்களுக்கு நடுவில் பேச ஒன்றும் இல்லையே என்று எனக்குக் கவலையாக இருக்கும்.

ஒருநாள் அம்மா சூடை மீன் பொரித்து வைத்த சாப்பாட்டின்போது பேச்சு மீனில் வந்து நின்றது. தன்னுடைய குளத்தைப் பற்றி மாமா சொல்லத் தொடங்கினார். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு காலத்தில் கல்லும் மணலும் தோண்டிய பெரிய பள்ளங்கள் இப்போது குளங்களாகிக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றை மாமாவும் நண்பர்களும் சங்கமாகச் சேர்ந்து வாடகைக்கு எடுத்து வைத்திருந்தார்கள். அதில் ஒரு கெளுத்தி இருந்தது. மன்னாரில் கெளிறு என்போமே, அந்த இனம்தான். ஆனால் ஐரோப்பிய ஆற்றுக் கெளிறு, ஆள் அளவுக்கு வளரக்கூடியது. அகன்ற வாயையும் குனிந்து பார்க்கும் கம்பீரத்தையும் கண்டு அதற்கு பிஷப் என்று பெயர் வைத்திருந்தார்கள். வருடம் முழுவதும் ஆழத்தில் கிடக்குமாம். ஜூன் கடைசியில் தண்ணீர் சூடேறி இனப்பெருக்கக் காலம் நெருங்கும்போது மாத்திரம் கரையோர வில்லோ மரத்தின் வேர்களுக்குள் வந்து படுக்குமாம். வருடத்தில் அந்தச் சில நாட்கள்தான் பிஷப்பைக் காணலாம். மாமா இளவயதுக்காரராக இருந்த காலத்திலிருந்து அப்படித்தான். கத்தோலிக்கரான அப்பா, பிஷப் என்ற ஆயரின் பட்டத்தை ஒரு மீனுக்கு வைத்ததில் முகம் சுளித்தாலும், காதைக் கூர்மையாக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஜூனிலேயே தன்னோடு வரும்படி மாமா அழைத்தார். இரண்டு பேரும் ஒன்றாகப் போகிறார்கள் என்று எனக்குச் சந்தோஷம்.

பிடித்த மீனைத் தராசில் நிறுத்து, படம் எடுத்து, திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவார்கள் என்பதை யாரும் அப்பாவுக்குச் சொல்லவில்லை. மாமாவுக்கு அது சொல்லவேண்டிய விஷயமே இல்லை. சூரியன் கிழக்கில் உதிக்கும் என்று யாரும் விருந்தாளிக்குச் சொல்வதில்லையே. எனக்குக்கூட அன்று காலைவரை அது சரியாகத் தெரியாது. அப்பாவின் பக்கம் கணக்கு வேறு. வருடம் முழுவதும் காத்திருந்து, நித்திரை முழித்து, ஒரு மனிதர் ஒரே ஒரு மீனைப் பிடிக்கிறார் என்றால் அது ஏதோ பெரிய விருந்துக்காகத்தான் இருக்கவேண்டும் என்று அவர் நினைத்திருந்தார்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் தூண்டில் வளைந்தது. இரண்டு பேருமாக மாறி மாறிப் பிடித்து இழுத்து, பெரிய கைவலைக்குள் அதை வழிநடத்தி, கரையோரத் தண்ணீரிலேயே வலையோடு நிறுத்திவைத்தார்கள். பிறகு மாமா வலையின் பிடியை அப்பாவின் கையில் கொடுத்தார். "சீ டு ஹிம், வில் யூ?" என்று சொல்லிவிட்டு வண்டியை நோக்கி ஓடினார். கவனித்துக்கொள் என்பதுதான் அதற்கு அர்த்தம். அந்தச் சொல் தமிழிலும் இரண்டு பக்கமும் வெட்டும். ஒருவரைக் கவனித்துக்கொள் என்றால் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்றும் எடுக்கலாம், கதையை முடி என்றும் எடுக்கலாம். அப்பா இரண்டாவதை எடுத்துக்கொண்டார். இவ்வளவு பெரிய மீனை முடிக்கும் பொறுப்பைச் சம்பந்தி தனக்கு விட்டுப் போயிருக்கிறாரே என்று அவருக்குப் பெருமை வேறு. வலைக்குள் அது மூச்சுக்குத் திணறுகிறது என்று நினைத்து, அதை வதைக்கக்கூடாது என்று அவசரப்பட்டார். பெட்டி தூக்கிப் பழகிய கைகளால் தனியாளாகக் கரைக்கு இழுத்தார். கூடாரத்தின் முளை அடிக்கக் கொண்டுவந்த சுத்தியல் புல்லில் கிடந்தது. அது இதற்காகத்தான் வைக்கப்பட்டிருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது.

"ஒரே அடி," என்று அப்பா எங்களைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார். "அது துடிக்கவே இல்லை."

மாமா தொட்டிலைத் தோளிலிருந்து மெல்ல இறக்கிப் புல்லில் வைத்தார். அவருடைய முகத்தில் இருந்த இரத்தம் எல்லாம் எங்கோ போய்விட்டது. ஆனாலும் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இதுதான்: "தனியாகவா தூக்கினீர்கள்? உங்கள் முதுகுக்கு ஒன்றும் ஆகவில்லையே?"

அந்தத் துணித் தொட்டிலைப் பார்த்த பிறகுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அப்பாவுக்குப் பக்கத்தில் போய், தமிழில், தணிந்த குரலில் சொன்னேன். "அப்பா, அவை இதைத் திரும்பத் தண்ணிக்குள்ள விடுறவையாம்."

"எதை?" என்றார் அப்பா.

நான் மீனைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். கையிலிருந்த சுத்தியலை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.  தலைக்கு மேலால் ஒரு விமானம் சக்கரங்களை விரித்துக்கொண்டு மிகத் தாழ்வாகப் போனது. அது போய் முடியும்வரை மூன்று பேரும் அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

மீனை அங்கே விட்டுப் போக மாமா சம்மதிக்கவில்லை. "கொன்றதை வீணாக்கக்கூடாது" என்று சொல்லி, ஈரச் சாக்கில் சுற்றி, ஹவுன்ஸ்லோ வீட்டுக்கு அவரே வண்டியில் கொண்டுவந்தார். பின்வளவில் பலகை போட்டு அப்பா அதைக் கிழித்தபோது மாமா வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். வயிற்றைத் திறந்ததும் அப்பாவின் கத்தி நின்றுவிட்டது. வயிறு நிறையச் சினை. இரண்டு பெரிய பைகளாக, வெளிர்மஞ்சள் மணிகளாக, ஒரு பேசின் சட்டியை நிரப்பும் அளவுக்கு. இன்னும் சில நாட்களில் அந்த வேர்களுக்குள் இட்டிருக்க வேண்டிய முட்டைகள். மாமா எழுந்து வந்து பார்த்தார். இத்தனை வருடமும் பிஷப்பை அவர், அவர் என்றுதான் சங்கத்தில் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "அட, பெண்ணா நீ!" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சீறினார். அப்பா சினையைப் பேசினோடு தூக்கிக்கொண்டு போய் வேலியோரத்தில் ஆழமாகக் குழி தோண்டித் தாட்டார். வெகுநேரம் அந்தப் பக்கமே நின்றார்.

அம்மா சேற்று மணம் போக உப்பும் மஞ்சளும் போட்டு உரசிக் கழுவி, கொறுக்காய்ப்புளி விட்டு, மிளகு தூக்கலாகக் குழம்பு வைத்தார். மாமா இருந்து சாப்பிட்டார். இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. சம்பந்தி தன்னுடைய மனம் நோகக்கூடாது என்பதற்காகத்தான் சாப்பிடுகிறார் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அடுத்த ஞாயிறு அப்பா பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். திரும்பி வந்தபோது முகம் இன்னும் வாடியிருந்தது. "பிஷப்பைக் கொன்றுபோட்டன் ஃபாதர் எண்டு சொன்னன். அந்தாள் கொஞ்ச நேரம் பேசேல்லை. பிறகு மீன் எண்டு விளங்கப்படுத்தினன். சிரிச்சவர். தெரியாமல் செய்தது பாவமில்லையாம்." செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "சிரிச்சவர் பிள்ளை" என்று இன்னொரு தரம் சொன்னார். நாங்களும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் நின்றோம். ஆனால் தண்டனை இல்லாத குற்றம் அவருக்குள் வளர்ந்துகொண்டே போவதை அப்போது நான் கவனிக்கவில்லை.

அடுத்த ஜூன் வந்தது. மாமா குளத்துக்குப் போவதாகக் காணவில்லை. அப்பா கேட்டு, நான் என் கணவரிடம் கேட்டு, அப்போதுதான் விஷயம் வெளியில் வந்தது. மீன் செத்த அன்றே மாமா சங்கத்துச் செயலாளருக்குத் தொலைபேசியில், "பிஷப்பை நான் கொன்றுவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டுவிட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். சொன்னதில் பெரும்பகுதி உண்மைதான்; கொன்றது யார் என்பதில் மாத்திரம் ஆளை மாற்றிவிட்டார். சங்கம் அவரை விலக்கிவிட்டது. அந்தக் குளத்துக்காகவே வேறு இடத்துக்கு வீடு மாறாமல் இருந்தவர் அவர்.

அப்பா அன்றைக்கே என்னைக் காரை எடுக்கச் சொன்னார். ஃபெல்தமில் மாமாவின் குசினி மேசைக்கு முன்னால் இருந்துகொண்டு, தேத்தண்ணியைத் தொடாமல், தன்னுடைய ஆங்கிலத்தில் சொன்னார்: "நான் அவர்களிடம் போகிறேன். நான்தான் என்று சொல்கிறேன். உங்களைத் திரும்பச் சேர்க்கச் சொல்கிறேன்."

"வேண்டாம்" என்றார் மாமா.

"செய்தது நான்."

"தெரியும். ஆனால் கேளுங்கள்." மாமா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் வெளிநாட்டுக்காரர் வந்து மீனைக் களவாகக் கொண்டுபோய்த் தின்கிறார்கள் என்று அங்கே ஏற்கனவே ஒரு பேச்சு இருக்கிறது. நானும் அந்தப் பேச்சு நடக்கும்போது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன். இப்போது நீங்கள்தான் என்று தெரிந்தால், பார்த்தீர்களா என்பார்கள். பிறகு உங்கள் ஆட்களில் யார் தூண்டிலோடு எந்தக் கரைக்குப் போனாலும் இந்தக் கதை முன்னால் போய் நிற்கும். என்னைப் பற்றி என்றால், கிழவனுக்கு மூளை பிசகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள்."

அப்பா மேசைக்கு மேலால் கையை நீட்டினார். சொல்லமாட்டேன் என்று மாமாவின் கையில் அடித்துச் சத்தியம் செய்துகொடுத்தார். காரில் வரும்போது, "அந்த மனுசன் எனக்காகச் செய்தது எண்டால் நான் தாங்குவன். எங்கட ஆக்கள் எல்லாருக்குமாகச் செய்திருக்குது. இதை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?" என்றார்.

வைக்க இடம் தெரியாமல்தான் அதன் பிறகு வாழ்ந்தார். மாமாவின் வேலியை வெட்டுவதற்குப் போவார். மாம்பழக் காலத்தில் சவுத்தால் கடைத்தெருவுக்குப் போய்ப் பெட்டி பெட்டியாக வாங்கிக்கொண்டு போய் இறக்குவார். மாமா ஒருதரம் எனக்குத் தொலைபேசி எடுத்து, "உன் அப்பாவிடம் சொல், நான் ஒரு மனிதன்தான், இவ்வளவு மாம்பழம் தின்ன என்னால் முடியாது" என்று கத்தினார். ஆனால் அந்த வருகைகளால் இரண்டு பேருக்கும் இடையில் உண்மையாகவே ஒரு பழக்கம் உண்டாகிவிட்டது. சேர்ந்து கிரிக்கெட் பார்த்தார்கள். அம்மா இறந்தபோது, எங்கள் சொந்தக்காரர்களுக்கு முந்தியே வந்து நின்று, அப்பாவின் பக்கத்தைவிட்டு அசையாமல் இருந்தவர் மாமாதான். அது அப்பாவின் குற்ற உணர்வை இன்னும் கூட்டியது. இவ்வளவு நல்லவருக்கா நான் இதைச் செய்தேன் என்பது அவருடைய கணக்கு.

போன வருடம் மாமாவுக்கு நோய் வந்தது. வந்த வேகத்திலேயே முற்றியது. அப்பா பஸ் எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டிலருகே இருப்பார். ஒரு பின்னேரம் நானும் இருந்தேன். மாமா நித்திரை என்று நினைத்திருந்தோம். அவர் கண்ணைத் திறக்காமலே, "உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும்" என்றார். "பிஷப்பை அன்றைக்கு உங்கள் மனைவி சமைத்தாரே. அது மிக நன்றாக இருந்தது. நான் வாழ்க்கையில் தின்ற மீன்களில் அதுதான் சிறந்தது. மரியாதைக்காக இரண்டாம் தரம் கேட்கவில்லை. எனக்கு வேண்டும் என்றுதான் கேட்டேன். நான் அவ்வளவு நேசித்த ஒரு உயிரை எப்படி அவ்வளவு ருசித்துத் தின்றேன் என்று எனக்கு வெட்கம். யாருக்கும் சொன்னதில்லை." அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். அத்தனை வருடத்தில் அந்த மீனைப் பற்றி அப்பா சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன். கண்ணால் தண்ணீர் வடிய வடியச் சிரித்தார்.

மாமா குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தார். தகனம் முடிந்து, அவருக்குப் பழக்கமான மதுச்சாலையின் மாடி அறையில் தேநீரும் சான்ட்விச்சும் வைத்திருந்தோம். சங்கத்துக்காரர்கள் மூன்று பேர் வந்து கதவோரத்தில் தயங்கியபடி நின்றார்கள். அப்பா ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போனார். உபசாரத்துக்காகத்தான் போனார் என்று இன்றும் நம்புகிறேன். அவர்களில் இளையவர், அப்பா யாரென்று தெரியாமல், பேச்சுக்காகச் சொன்னார்: "அருமையான மனிதர். அந்த ஒரு காரியம் மட்டும் ஏன் செய்தார் என்று எங்களுக்கு விளங்கவே இல்லை. ஒரு மீன். தெரியுமா உங்களுக்கு?"

அப்பா தட்டைப் பக்கத்து மேசையில் வைத்தார். "அவர் செய்யவில்லை. நான் செய்தேன்" என்றார். "அவர் வண்டிக்குப் போயிருந்தார். கவனிக்கச் சொன்னார். நான் பிழையாக விளங்கிக்கொண்டேன். ஒரு சுத்தியலால்." சொல்லச் சொல்ல அவருடைய குரல் உயர்ந்துகொண்டு போனது. அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் கணவர் எழப் பார்த்தார். நான் அவருடைய கையைப் பிடித்து இருத்தினேன்.

மூவரில் வயதானவர்தான் செயலாளர்.  "நாங்கள் அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டோம்" என்றார். "கீழே, இதே மதுச்சாலையில், அவர் வந்து உட்கார்ந்தால் நாங்கள் எழுந்து மற்ற மேசைக்குப் போவோம். இத்தனை வருடமாக. பிறகு அவர் வருவதையே விட்டுவிட்டார்." இது எங்கள் யாருக்கும் தெரியாது. மாமா ஒரு நாளும் சொன்னதில்லை. அப்பா கதவின் பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கள் ஏன் வந்து சொல்லவில்லை?" என்று செயலாளர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, கெஞ்சுவதுபோலக் கேட்டார்.

"சொல்லவேண்டாம் என்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டார்."

"ஏன்? சொல்லியிருந்தால் விளங்கிக்கொண்டிருப்போமே. ஏன் வேண்டாம் என்றார்?"

அப்பா அவருடைய முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கறுப்புக் கழுத்துப்பட்டியைத் தன் கையாலேயே கட்டி, அது கோணலாகிப்போன ஒரு கிழவர். கண்கள் சிவந்திருந்தன. பதில் அப்பாவிடம் இருந்தது. அந்தக் குசினி மேசையில் மாமா சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவருக்கு மனப்பாடம் என்பது எனக்குத் தெரியும்.

"எனக்குத் தெரியாது" என்றார் அப்பா. "அவர் அப்படிப்பட்ட மனிதர்."

செயலாளர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார், விடாமல். அவர்கள் மூவரும் ஒரு சான்ட்விச்சைக்கூடத் தொடாமல் படியிறங்கிப் போனார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா காரின் முன் இருக்கையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பல வருடப் பாரம் இறங்கியிருக்கும் என்று நான் நினைத்தேன். சிவப்பு விளக்கில் நின்றபோது, "இண்டைக்கும் ஒரு பொய் சொல்லிட்டன், பிள்ளை" என்றார்.

"தெரியும் அப்பா. உண்மையைச் சொல்லியிருக்கலாம்தானே?"

"ஏலாது." விளக்கு பச்சைக்கு மாறியது. "சொன்னால் அந்தாள் வீட்ட போய் நித்திரை கொள்ளாது. வயசு போன மனுசன். நித்திரை இல்லாமல் கிடக்க நான் ஒருத்தன் போதும்."